அத்தியாயம் 9: அனுப்பிய இடத்துக்கே ஆள் எடுக்கும்போது

ஆர்டர் இல்லை என்று மார்ச்சில் இருபது பேரை அனுப்புகிறார்கள். தீபாவளி முடிந்த கையோடு, ஒரகடம் பேருந்து நிறுத்தத்தில் அதே கம்பெனிக்கு ‘ஆட்கள் தேவை’ என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. வெளியே போன இருபது பேரில் ஒருவருக்குக்கூடத் தகவல் வரவில்லை. உங்கள் நிலைமையும் இதுதான் என்றால் இந்த அத்தியாயம் உங்களுக்கானது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்குறைப்பில் போன தொழிலாளிக்குத் தெரிவிக்காமல் முதலாளி அந்த வேலைக்குப் புது ஆள் எடுக்கக் கூடாது. பழைய ஆள் ‘வருகிறேன்’ என்றால் மற்றவர்களைவிட அவருக்கே முன்னுரிமை. 1953-ல் தொழில் தகராறுகள் சட்டத்தில் 25-எச் பிரிவாகச் சேர்ந்த உரிமை இது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு தொழில் உறவுகள் தொகுப்பு, 2020 வந்துவிட்டது. இந்த உரிமை இப்போது அதன் 72-ஆம் பிரிவில் இருக்கிறது. பழைய பிரிவில் காலவரம்பு இல்லை. புதியதில் உண்டு: ஆட்குறைப்பு நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் ஆள் எடுத்தால்தான் உங்களைக் கூப்பிடும் கடமை. அந்த ஓராண்டில் நீங்கள் என்ன செய்கிறீர்கள், அதைவிட முக்கியமாக, வெளியேறும் அன்று எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நீங்கள் இதற்குள் வருகிறீர்களா?

1. நீங்கள் ‘தொழிலாளி’யா? மேலாளர், நிர்வாகப் பணியில் இருப்பவர், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர் ஆகியோர் இதற்குள் வரமாட்டார்கள். ஆனால் விசிட்டிங் கார்டில் என்ன போட்டிருக்கிறது என்பதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். பார்க்க வேண்டியது செய்த வேலையை. ‘டீம் லீட்’ என்று பெயர், ஆனால் ஒருவருக்கு அரைநாள் லீவு கொடுக்கக்கூட அதிகாரம் இல்லை, நாள் முழுக்க நீங்களே கோடு எழுதுகிறீர்கள் என்றால் நீங்கள் தொழிலாளி என்று வாதிட நல்ல இடமிருக்கிறது.

2. எப்படி வெளியேறினீர்கள்? ராஜினாமா, விருப்ப ஓய்வு, குறித்த காலப் பணி முடிந்து போனது, ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கம் ஆகிய எதுவும் ஆட்குறைப்பு ஆகாது. ‘லே-ஆஃப்’ என்பதும் வேறு. நம் சட்டத்தில் லே-ஆஃப் என்றால் வேலை கொடுக்க முடியாத நாட்களுக்குப் பாதிச் சம்பளம் தந்து நிறுத்தி வைப்பது. அப்போது வேலை உறவு முறிவதே இல்லை. உங்கள் தாளில் லே-ஆஃப் என்று இருந்தால் நீங்கள் மறுவேலை கேட்க வேண்டியதில்லை, உங்கள் வேலைக்கே திரும்பலாம். ஐ.டி. கம்பெனிகளில் ‘லே-ஆஃப் பண்ணிட்டாங்க’ என்று சொல்வது பெரும்பாலும் ஆட்குறைப்பைத்தான். பேச்சை விட்டுவிட்டுத் தாளைப் பாருங்கள்.

3. ஆலை மொத்தமாக மூடப்பட்டதா? அப்படியானால் கணக்கு வேறு. தொடர்ந்து நடக்கும் தொழிலில் ஆளைக் குறைப்பதைத்தான் சட்டம் ஆட்குறைப்பு என்கிறது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலை 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. 2024-ல் நிறுவனம் மறுபடி வரப்போவதாக அறிவித்ததும் பழைய தொழிலாளர்கள் பலருக்கும் எழுந்த கேள்வி, ‘எங்களைத்தானே முதலில் எடுக்க வேண்டும்?’ என்பது. மூடலுக்கு இந்தப் பிரிவு தானாகப் பொருந்தாது. அங்கே சங்கம் போட்ட ஒப்பந்தத்தில் மறுவேலை பற்றி ஒரு வரி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. உங்கள் ஆலையும் மூடும் பேச்சில் இருந்தால், இழப்பீட்டுத் தொகைக்குப் போராடும்போதே அந்த ஒரு வரிக்கும் சேர்த்துப் பேசச் சொல்லுங்கள்.

4. எத்தனை நாள் வேலை செய்தீர்கள்? ‘240 நாள் முடிக்கவில்லையே, உனக்கு எதுவும் இல்லை’ என்று எச்.ஆர். சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் கணக்கு நோட்டீஸுக்கும் இழப்பீட்டுக்கும் உரியது. குறைந்த நாள் வேலை செய்தவருக்கும் 25-எச் பொருந்தும் என்று சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா – சத்யம் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வரிசையில் மட்டும் நீண்ட நாள் வேலை செய்தவருக்குப் பின்னால் நிற்பீர்கள். அதே வழக்கில் பல ஆண்டுகள் கழித்து வந்தவர்களுக்கு நீதிமன்றம் நிவாரணம் தரவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. இந்தப் பிரிவு ‘இந்தியக் குடிமக்கள்’ என்று குறிப்பிட்டே சொல்கிறது. முகாம்களில் இருந்து ஆலை வேலைக்குப் போகும் இலங்கைத் தமிழர்களுக்குக் குடியுரிமை இல்லாதவரை இந்த வாசல் திறப்பதில்லை. இருபது வருடம் இங்கேயே உழைத்திருந்தாலும் நிலைமை அதுதான்.

> குறிப்பு: 2025 நவம்பர் 21-க்கு முன்பே ஆட்குறைப்பு நடந்திருந்தால் பழைய 25-எச் பிரிவின்படி உரிமை கோர இடமுண்டு. அதற்கு ஓராண்டு வரம்பு எழுதப்படவில்லை. ஆனாலும் தள்ளிப்போடாமல் உங்கள் தேதிகளை எழுதிக்கொண்டு சங்கத்தையோ தொழிலாளர் வழக்கறிஞரையோ பாருங்கள்.

வெளியேறும் நாளில்

பெரும்பாலான வழக்குகள் தோற்பது தீர்ப்பாயத்தில் அல்ல, எச்.ஆர். அறையில். மேசையில் ஒரு தாள், பக்கத்தில் செக். ‘ராஜினாமா கொடுத்துட்டுப் போங்க, ரிலீவிங் லெட்டர் நல்லா போட்டுத் தர்றோம், அடுத்த கம்பெனியில கேள்வி வராது’ என்று தன்மையாகவே பேசுவார்கள். கையெழுத்துப் போட்ட நொடியில் ஆட்குறைப்பு ராஜினாமாவாக மாறிவிடும். இந்த அத்தியாயத்தில் மிச்சமுள்ள எதுவும் பிறகு உங்களுக்கு உதவாது.

1. தாளை முழுதும் படியுங்கள். ‘சொந்த விருப்பத்தில்’, ‘தனிப்பட்ட காரணங்களால்’ என்ற சொற்கள் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ‘வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்’ என்பது போதுமான பதில். யாரும் கதவைப் பூட்டி வைக்க முடியாது.

2. ஆட்குறைப்பு நோட்டீஸை எழுத்தில் கேளுங்கள். ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் வர வேண்டும். புதிய தொகுப்பின்படி மறுதிறன் நிதியிலிருந்து இன்னும் 15 நாள் சம்பளம் 45 நாட்களுக்குள் உங்கள் கணக்கில் ஏற வேண்டும். இந்தத் தொகைகளை வாங்கிக்கொள்வதால் மறுவேலை உரிமை போய்விடாது. ‘வாங்கினால் அவ்வளவுதான்’ என்ற பயம் தேவையில்லை.

3. ஃபைனல் செட்டில்மென்ட் தாளில் ‘இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்’ என்ற வரி இருந்தால், அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட முடியுமா என்று கேளுங்கள். மறுத்தால், கையெழுத்துக்கு மேலே ‘மறுவேலை உரிமைக்குப் பாதகமின்றி, ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்’ என்று உங்கள் கையால் எழுதி, தேதி போடுங்கள். அப்படியே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

4. பணிமூப்புப் பட்டியலைப் படம் எடுங்கள். ஆட்குறைப்புக்குக் குறைந்தது 7 நாள் முன்பு, அந்தப் பிரிவில் யார் எப்போது சேர்ந்தார்கள் என்ற பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பது 1957-ஆம் ஆண்டு மத்திய விதிகளில் இருந்த முறை. கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்ற ஒழுங்கைச் சரிபார்க்க உதவும் தாள் அது. திரும்பக் கூப்பிடும் வரிசைக்கும் அடிப்படை அதுவே. ஆலைக்குள் போன் அனுமதி இல்லை என்றால் ஒளித்து எடுத்துச் செல்ல வேண்டாம். அதையே ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணமாக்குவார்கள். துண்டுச் சீட்டில் உங்கள் எண்ணையும், முன்னும் பின்னும் உள்ளவர்களின் பெயரையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

5. பணி நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், அடையாள அட்டையின் நகல், யூ.ஏ.என். எண், இ.எஸ்.ஐ. எண் எல்லாம் வீட்டில் இருக்கட்டும். கம்பெனி மெயிலில் மட்டும் இருப்பவற்றை இணைப்பு துண்டிக்கப்படும் முன் உங்கள் மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தத் தாள்கள் மட்டும். வாடிக்கையாளர் தகவலோ வரைபடமோ ஒன்றுகூட அதில் கலந்துவிடக் கூடாது.

முதல் வாரம்: ஒரு கடிதம்

முதலாளி பழைய முகவரிக்குக் கடிதம் அனுப்பி, ‘நாங்கள் கூப்பிட்டோம், ஆள் வரவில்லை’ என்று சொல்லிவிடுவது சுலபம். ஊரப்பாக்கத்து வாடகை வீட்டைக் காலி செய்து விழுப்புரத்துக்குத் திரும்பியவருக்கு அந்தக் கடிதம் கிடைக்கவே கிடைக்காது. எனவே வெளியேறிய ஒரு வாரத்துக்குள் இப்படி எழுதி அனுப்புங்கள்:

> ‘ஐயா, தங்கள் நிறுவனத்தில் ______ பிரிவில் ______ பணியில் ______ முதல் ______ வரை வேலை செய்தேன் (பணி எண் ______). ______ தேதியிட்ட தங்கள் கடிதத்தின்படி ஆட்குறைப்பு செய்யப்பட்டேன். இனி ஆள் எடுக்க நேரும்போது மறுவேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன். தொழில் உறவுகள் தொகுப்பு, 2020, பிரிவு 72-ன்படி எனக்கு முன்னதாகத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். என் தற்போதைய முகவரி, கைபேசி எண், மின்னஞ்சல்: ______.’

இதற்கு மேல் எழுத வேண்டாம். கோபம், பழைய மேலாளர் மீது புகார், வீட்டுக் கஷ்டம் எதுவும் இதில் இடம்பெறக் கூடாது. சாதாரணப் பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது. கவுன்டரில் ஸ்பீட் போஸ்டுடன் ‘பதிவு’ வசதியும் வேண்டும் என்று கேளுங்கள். ரசீதை நகலோடு பின் செய்து வையுங்கள். வெப்பக் காகித ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும், அதனால் அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். இதே கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். முகவரி மாறும்போதெல்லாம் இன்னொரு கடிதம்.

பிறகு காலண்டரில் இரண்டு தேதிகளைக் குறியுங்கள்: ஆட்குறைப்பு நாளிலிருந்து ஓராண்டு, அதே நாளிலிருந்து இரண்டாண்டு. இரண்டாவது எதற்கு என்று பின்னால் வரும்.

காத்திருக்கும் மாதங்களில்

வேறு வேலை கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். வேறிடத்தில் வேலை பார்ப்பதால் முன்னுரிமை போய்விடாது.

அதே நேரம் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். நௌக்ரி, லிங்க்ட்இன் விளம்பரங்களைத் தேதியும் இணைய முகவரியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சுவரொட்டியையும் ஐ.டி.ஐ. வளாகத் தேர்வு அறிவிப்பையும் இடம் தெரியப் படம் எடுங்கள். இ.பி.எஃப்.ஓ. இணையதளத்தில் நிறுவனத் தேடல் பக்கத்தில் கம்பெனியின் பெயரைப் போட்டால் எந்த மாதத்துக்கு எத்தனை பேருக்கு பி.எஃப். கட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். உங்களை அனுப்பிய மாதம் 212, ஆறு மாதம் கழித்து 240 என்று இருந்தால் அது நல்ல துணைச் சான்று. ஆனால் கான்ட்ராக்டர் ஆட்களின் கணக்கு கான்ட்ராக்டரின் பெயரில் இருக்கலாம். எண்ணிக்கை ஏறவில்லை என்பதற்காக ஆள் எடுக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

உள்ளே இருக்கும் நண்பரிடம் ‘யார் புதுசா வந்திருக்காங்க’ என்று கேட்கலாம். கோப்பை எடுத்துவரச் சொல்லக் கூடாது. அவர் வேலையும் போகும், தாளும் செல்லாமல் போகும்.

அடிக்கடி நடக்கும் சுற்றுவழிகள் மூன்று. முதலாவது, பதவியின் பெயரை மாற்றுவது: ‘மெஷின் ஆபரேட்டர்’ போய் ‘புரொடக்‌ஷன் அசோசியேட்’ வருவார். அதே மெஷின், அதே ஷிப்ட் என்றால் பெயர் பொருட்டல்ல. அந்த மெஷினின் பெயரையும் எண்ணையும் குறித்து வையுங்கள். இரண்டாவது, பயிற்சியாளர் என்றோ கான்ட்ராக்ட் என்றோ எடுத்து வழக்கமான உற்பத்தியில் நிறுத்துவது. இங்கே யார் முதலாளி, அது நிஜமான பயிற்சியா என்றெல்லாம் நிரூபிக்க வேண்டியிருக்கும், சண்டை நீளும். தனியாக இறங்க வேண்டாம். மூன்றாவது, ஏற்கெனவே பணியில் இருப்பவரை நிரந்தரமாக்குவது. இதை எதிர்த்துப் பயனில்லை. அது புதிதாக ஆள் எடுப்பதாகாது என்று பராரா கூட்டுறவுச் சங்க வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீக்கம் தவறு என்று வழக்குப் போட்டு, வேலைக்குப் பதிலாக இழப்பீடு பெற்று முடித்துக்கொண்டவர் பிறகு 25-எச் கேட்க முடியாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

> எச்சரிக்கை: ‘பழைய ஆளுங்களை எடுக்கிறாங்க, இருபதாயிரம் கொடுத்தா உன் பேரைச் சேர்க்கிறேன்’ என்று ஒருவர் நிச்சயம் வருவார். முன்னுரிமை சட்டம் தந்தது. அதற்கு யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை.

காலியிடம் தெரிந்ததும்

பழைய மத்திய விதிகளின் 78-ஆம் விதியைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பேச்சுவார்த்தை மேசையில் இன்றும் அளவுகோலாகப் பயன்படும். ஆள் நிரப்புவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பு பலகையில் அறிவிப்பு ஒட்டி, ஆட்குறைப்பில் போனவர்களுக்குப் பதிவுத் தபாலில் தெரிவிக்க வேண்டும். காலியிடங்கள் குறைவாக இருந்தால், பணிமூப்பில் முன்னால் இருப்பவர்களில் இடங்களைப் போல் இரண்டு மடங்கு பேருக்கு அனுப்பினால் போதும். மூன்று இடம் என்றால் ஆறு பேர். பட்டியலில் நீங்கள் ஒன்பதாவது ஆள் என்றால் உங்களுக்குக் கடிதம் வராதது விதிமீறல் ஆகாது. அதனால்தான் பட்டியல் எண்ணை எழுதி வைக்கச் சொன்னேன்.

1. விளம்பரத்தைப் பார்த்த அன்றே இரண்டாவது கடிதம் அனுப்புங்கள். விளம்பரத் தேதி, பதவி, உங்கள் முதல் கடிதத்தின் தேதி, ‘இந்த இடத்துக்கு மறுவேலை கோருகிறேன்’ என்ற வரி. விளம்பரத்தின் நகலை இணையுங்கள்.

2. விளம்பரத்தில் சொன்னபடி விண்ணப்பமும் போடுங்கள். ‘நாம் ஏன் புதுசா அப்ளை பண்ணணும்’ என்று வீம்பு பிடிப்பவர்கள் உண்டு. போட்டுவிட்டால், ‘அவர் கேட்கவே இல்லை’ என்ற பதிலுக்கு வழியில்லாமல் போகும்.

3. புதிய தகுதி ஏதாவது கேட்கிறார்களா? இடைப்பட்ட காலத்தில் நீங்கள் கற்றதையும் சான்றிதழையும் சேருங்கள். வேலை மாறாமல் தகுதியை மட்டும் கூட்டியிருந்தால் அதைக் கடிதத்தில் நிதானமாகச் சுட்டிக்காட்டுங்கள்.

4. சக தொழிலாளர்களைக் கூட்டிச் சேர்த்து ஒரே வாரத்தில் எல்லாரும் கடிதம் அனுப்புங்கள். கேட் முன்னால் கூட்டமாக நிற்பதும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கம்பெனியைத் திட்டுவதும் வேண்டாம். அது உங்கள் கோப்பில் சேராது, அவர்கள் கோப்பில் சேரும்.

கூப்பிடாவிட்டால்

சமரச அதிகாரியிடம் போகலாம். தனியார் ஆலை, ஐ.டி. நிறுவனம், ஜவுளி மில் என்றால் உங்கள் மாவட்டத்தில் தமிழ்நாடு தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி. வங்கி, காப்பீடு, துறைமுகம், சுரங்கம் என்றால் மத்திய தொழிலாளர் ஆணையர் அமைப்பு. இடம் மாறிக் கொடுத்தால் மாதக்கணக்கில் வீணாகும். முதலில் இதை உறுதி செய்யுங்கள்.

மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. எப்போது சேர்ந்தேன், எப்போது ஆட்குறைப்பு, எப்போது கடிதம் கொடுத்தேன், எப்போது யாரை எடுத்தார்கள், எனக்கு என்ன வேண்டும் என்று வரிசையாக எழுதினால் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிடும். எதிர்த்தரப்புக்கும் சேர்த்துப் போதுமான நகல்கள் எடுத்துப் போய், உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனுவுக்குச் சமம்.

பேச்சுவார்த்தைக்கு நிர்வாகம் இரண்டு மூன்று தடவை வராமலே தேதி வாங்கும். நீங்கள் ஒரு தேதியையும் தவறவிடாதீர்கள். வருகைப் பதிவில் ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போடுங்கள். சமரசம் தோற்றால், அந்த அறிக்கை கைக்கு வந்த 90 நாட்களுக்குள் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆட்குறைப்பு தொடர்பான தனிநபர் தகராறுக்குப் புதிய தொகுப்பில் இரண்டாண்டு வரம்பு. பழைய சட்டத்தில் மூன்றாண்டு இருந்தது. காலண்டரில் குறிக்கச் சொன்ன இரண்டாவது தேதி இதுதான்.

‘மறுவேலை தராதது வேறு, ஆட்குறைப்பு வேறு, தனி ஆளாக வர முடியாது’ என்று நிர்வாகத் தரப்பு வழக்கறிஞர் தொழில்நுட்ப ஆட்சேபம் கிளப்பக்கூடும். சங்கம் வழியாகப் பிரச்சினையை எழுப்பினால் இந்த ஆட்சேபத்துக்கே இடமில்லை. சங்கத்தில் இல்லாதவர்களும் இந்தக் கட்டத்தில் ஒரு சங்கத்தை அணுகுவது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

என்ன கிடைக்கும் என்பதில் நிதானம் வேண்டும். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட புது ஆளை வெளியேற்றி உங்களை உட்கார வைக்க நீதிமன்றங்கள் தயங்கும். அடுத்த இடத்தில் முன்னுரிமை, அல்லது ஒரு தொகை என்று முடியும் வழக்குகளும் உண்டு. ஆள் சேருவதற்கு முன்பே கொடுத்த மனுவுக்கு இருக்கும் பலம், சேர்ந்து ஆறு மாதம் கழித்துக் கொடுத்ததற்கு இராது.

கூப்பிட்டால்

கடிதத்தில் சொன்ன நாளில் கட்டாயம் போங்கள். போக முடியாத அளவுக்கு உடம்பு சரியில்லை என்றால் காரணத்தை எழுத்தில் தெரிவியுங்கள். காரணம் சொல்லாமல் வராதவருக்கு அடுத்த காலியிடங்களைத் தெரிவிக்க வேண்டியதில்லை என்று பழைய விதியே முதலாளிக்கு இடம் கொடுத்தது.

சேரும் முன் ஆணையைப் படியுங்கள். சட்டம் தருவது மறுவேலையில் முன்னுரிமை. பழைய சம்பளமும் பழைய பணிமூப்பும் தானாக ஒட்டிக்கொண்டு வராது. ‘பழைய பணிக்காலம் கணக்கில் சேரும்’ என்று ஒரு வரி கேட்டுப் பாருங்கள். நான்கு பேர் சேர்ந்து கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். நிரந்தரமாக இருந்தவரைக் ‘குறித்த காலப் பணி’ என்று எடுக்கிறார்களா என்று பாருங்கள். அப்படி எடுத்தால் காலம் முடிந்ததும் அனுப்புவது ஆட்குறைப்பு ஆகாது. அடுத்த தடவை இந்த அத்தியாயத்தால் உங்களுக்குப் பயனிருக்காது.

பி.எஃப். விஷயத்தில் புதிய யூ.ஏ.என். எடுக்க விடாதீர்கள். பழைய எண்ணையே கொடுத்து, பழைய கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டு பணி வேண்டும். இடையில் வேலையில்லாத மாதங்களில் ஓய்வூதியப் பணத்தை எடுத்துவிட்டவருக்கு எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எடுக்காதவர் புதிய கணக்கில் முதல் மாதச் சந்தா ஏறியதும், பாஸ்புக்கில் பழைய சேர்க்கை தேதி சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.